கொரிந்து வீட்டார்: ஒரு சபையின் குடும்பச் சண்டைகள்

கி.பி. 54 அல்லது 55-ஆம் ஆண்டளவில் எபேசு பட்டணத்தில் ஒரு கடிதம் எழுதப்படுகிறது. அப்போஸ்தலர் பவுல் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். கிரேக்க நாட்டுப் பட்டணமான கொரிந்துவின் சபையார் தலைவர்களின் பெயரால் கட்சி பிரிந்து நிற்கிறார்கள் என்ற செய்தி வந்திருக்கிறது. கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காகக் கடவுளுக்கு நன்றி என்று பவுல் கோபத்தோடு சொல்கிறார். இரண்டு வரி தள்ளி, ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று திருத்துகிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று நினைவில்லை என்றும் சேர்க்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தால், அந்த ஸ்தேவான் அப்போது எபேசுவில்தான் இருக்கிறார் என்பது தெரிகிறது. "எங்கள் வீட்டை மறந்துவிட்டீர்களே" என்று அவரே பக்கத்திலிருந்து நினைவூட்டியிருப்பார் என நான் எண்ணிக்கொள்வதுண்டு. எப்படியானாலும், மறதியும் திருத்தமும் அழிக்கப்படாமல் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்நியருக்கு எழுதும்போது நாம் இப்படி விடுவதில்லை. வீட்டாருக்குத்தான் விடுவோம்.

சபையைக் குடும்பம் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் பாசத்தையே மனத்தில் வைத்துப் பேசுகிறோம். கொரிந்து சபையைப் பற்றிக் கிடைக்கும் ஆவணங்களைப் படிக்கும் எவருக்கும் வேறொன்று தென்படும். அங்கே அன்பு எவ்வளவு குடும்பத்தன்மையோடு இருந்ததோ, அதே அளவுக்கு மனத்தாங்கலும் குடும்பத்தன்மையோடு இருந்தது. பந்தியில் வேற்றுமை, சகோதரர்களுக்குள் வழக்கு, ஒரு பிள்ளைக்குச் செல்லம் என்ற குறை, தூரத்தில் இருக்கும் தகப்பன் மேல் சலிப்பு, வெளியே சொல்லாமல் மூடிவைத்த ஒரு காரியம் எல்லாம் அந்தச் சபையில் இருந்தன. கிறிஸ்தவ சபை வரலாற்றின் முதல் நூற்றாண்டில் இவ்வளவு உள்விவரங்களோடு நமக்குத் தெரியவரும் சபை வேறொன்று இல்லை. ஆகவே இந்த ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

ஊரும் ஆட்களும்

பழைய கொரிந்துவை ரோமத் தளபதி மும்மியஸ் கி.மு. 146-இல் அழித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, கி.மு. 44-இல், யூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். அங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்று பழங்காலப் புவியியல் ஆசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். இந்த ஆய்வுக்கு அது முக்கியமான செய்தி. சொல்லிக்கொள்ளப் பாட்டன் பெயரோ குலப்பெருமையோ இல்லாத மனிதர்களின் வாரிசுகள் நிறைந்த ஊர் அது. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்ததால் வணிகமும் போக்குவரத்தும் ஓயாமல் நடந்தன. அப்படிப்பட்ட ஊரில் யாரோ ஒருவர் உங்களை 'சகோதரனே' என்று கூப்பிட்டால் அது எவ்வளவு பெரிய சொல்லாகக் காதில் விழுந்திருக்கும்!

அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் 'அதெல்போஸ்' என்பது ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்ற பொருளில் அமைந்த சொல். நம் மொழியில் வழங்கும் 'சகோதரன்' என்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பதே. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில், அதாவது தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடிதத்தில் மட்டும் இந்தச் சொல் முப்பது தடவைக்கு மேல் வருகிறது. கோபம் உச்சத்துக்குப் போகும் இடங்களிலும் அது விடுபடுவதில்லை.

பவுல் கொரிந்துவுக்கு வந்தது ஏறக்குறைய கி.பி. 50-இல். ரோமிலிருந்து யூதர்களை வெளியேற்றப் பேரரசர் கிளவுதியு கட்டளையிட்டதால் அங்கே வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கினார். மூவருக்கும் கூடாரம் செய்யும் ஒரே தொழில். ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தார். அக்காயா மாகாண அதிபதி கல்லியோனின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டு கல்லியோனின் பதவிக்காலத்தைக் கி.பி. 51-52 என்று கணிக்க உதவுகிறது. பவுலின் வாழ்க்கைக் காலவரிசை முழுவதும் பெருமளவுக்கு அந்தக் கல்வெட்டைப் பிடித்துத்தான் நிற்கிறது.

சபையில் யார் யார்? யூதர்களின் ஜெப ஆலயத் தலைவராக இருந்த கிறிஸ்பு. பட்டணத்தின் உக்கிராணக்காரரான, அதாவது பொருளாளரான ஏரஸ்து. முழுச் சபைக்கும் தன் வீட்டில் இடங்கொடுத்த காயு. பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவில் ஊழியம் செய்த பெபேயாள். ஸ்தேவானோடு எபேசுவுக்கு வந்த பொர்த்துனாத்து, அகாயுக்கு. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொரிந்துவில் இருந்து கையால் எழுதித் தந்த தெர்தியு. அதே நிருபத்தின் இறுதியில் வாழ்த்துச் சொல்லும் குவர்த்து. இந்தக் கடைசி இரண்டு பெயர்களின் பொருள் மூன்றாமவன், நான்காமவன். அடிமைகளுக்குப் பரவலாக இடப்பட்ட பெயர்கள் இவை. ஏரஸ்துவுக்கு ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. அவருக்கு அடுத்து வரும் குவர்த்துவுக்குப் பதவி எதுவும் இல்லை. 'சகோதரனாகிய குவர்த்து' என்று மட்டும் இருக்கிறது. எண்ணைப் பெயராகச் சுமந்த ஒரு மனிதனுக்கு அந்த ஒரு சொல்லே வீட்டு விலாசம். புதிய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் அது ஒன்று.

வீடும் பந்தியும்

சபை கூடியது வீட்டில். கொரிந்துவில் அனப்லோகா என்ற இடத்தில் ரோமர் காலத்து வசதியான வீடு ஒன்றைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அதன் விருந்து அறை சுமார் 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். ரோமர் வழக்கப்படி சாய்ந்து உண்ணும் இருக்கைகள் மூன்று போட்டால் ஒன்பது பேருக்கே முறையான இடம். சபையில் அதைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்திருப்பார்கள், மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஜெரோம் மர்ஃபி-ஓ'கானர் என்ற அறிஞர் விளக்கினார். எந்த வீட்டில் கூடினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் நெருக்கடியின் தன்மை இந்த அளவுகளிலிருந்து புரிகிறது.

முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விவரிக்கும் காட்சி இதற்குள் பொருந்துகிறது. கர்த்தருடைய பந்தி என்று கூடுகிறார்கள். சிலர் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்கிறான், இன்னொருவன் குடித்து மயங்கியிருக்கிறான். நேரத்தைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடியவர்கள் முன்னதாக வந்திருப்பார்கள். எஜமானிடம் வேலை முடிந்த பிறகே வரக்கூடியவர்கள் வரும்போது பாத்திரம் காலியாக இருந்திருக்கும்.

இதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு இன்னொன்றும் பரிமாறுவது. அந்நியர் வீட்டில் இப்படி நடந்தால் எழுந்து போய்விடலாம். நம் வீடு என்று நம்பி வந்த இடத்தில் நடந்தால் அது நெஞ்சில் தைக்கிறது. 'சகோதரன்' என்ற சொல் இல்லாமலிருந்தால் அந்த அடிமைக்கு இந்த வலியே இருந்திருக்காது. எஜமானர் வீட்டில் கடைசியில் சாப்பிடுவது அவனுக்குப் பழக்கமானதுதான். சபை அவனுக்கு ஓர் எதிர்பார்ப்பைக் கொடுத்தது, கொடுத்த கையோடு அதை முறித்தது. சபைகளில் நேரும் காயங்கள் ஏன் அலுவலகத்தில் நேரும் காயங்களைவிட ஆழமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

பவுல் சொன்ன தீர்வு மிகவும் சிறியது. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். அந்தப் பந்தியின் ஆழ்ந்த பொருளையும் அதைத் தகுதியில்லாமல் உண்பதன் அபாயத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, இறுதியில் கையில் கொடுப்பது ஒரு வீட்டுப் பழக்கம்.

நான்கு பெயர்கள், ஒரு முற்றம்

நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவை (பேதுருவை) சேர்ந்தவன், நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டியதை எல்லோரும் அறிவார்கள். பேச்சு வன்மையுள்ள அப்பொல்லோ பவுலுக்குப் பிறகு வந்தவர். புதிய போதகர் வந்ததும் பழையவரோடு ஒப்பிடுவது எந்தச் சபைக்கும் புதிதல்ல என்பதால் இதை விரிக்கவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. நான்கு முழக்கங்கள் இருந்தும் பவுல் ஒரே கடிதம்தான் எழுதுகிறார், ஒரே சபைக்கு. அது எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும் என்று எதிர்பார்க்கிறார். அவர்கள் அதுவரை பிரிந்து போயிருக்கவில்லை. பிரிந்து போய்ச் சேர இன்னொரு சபையும் அந்த ஊரில் இல்லை. பவுல் கட்சிக்காரரும் அப்பொல்லோ கட்சிக்காரரும் அடுத்த வாரமும் அதே முற்றத்தில் முகம் பார்த்து உட்கார வேண்டும். உடன்பிறந்தவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதே குடும்பத்தின் முதல் விதி. கொரிந்துவில் அந்த விதி சூழ்நிலையாலேயே நடைமுறையில் இருந்தது. இன்று மனம் கசந்தால் வேறு சபைக்குப் போய்விடும் வசதி பல இடங்களில் இருக்கிறது. சில நேரங்களில் அப்படிப் போவது அவசியம்தான். ஆனால் அந்த வசதியால், கசப்போடு தங்கியிருந்து மீண்டும் பேசப் பழகும் வாய்ப்பை நாம் இழக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

திருமணங்களில் வாசிக்கப்படும் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் இங்கே வைத்துப் படிக்க வேண்டும். அன்பு இறுமாப்பாயிராது என்கிறது அது. இறுமாப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் ஏழு இடங்களில் மட்டுமே வருகிறது. அவற்றில் ஆறு இந்த ஒரே நிருபத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் கொரிந்தியரைக் கண்டிக்கும் வரிகளில். அன்புக்குப் பொறாமை இல்லை என்ற வரியும், பொறாமை உங்களுக்குள் இருக்கிறதே என்று மூன்றாம் அதிகாரத்தில் அவர்களைக் கேட்டவர் எழுதியதே. மணமக்களுக்காக எழுதப்பட்ட கவிதையாக இன்று கேட்கப்படும் அந்த அதிகாரம், ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த ஒரு வீட்டாரின் குறைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிராக எழுதப்பட்டது.

மூடிவைத்ததும் வெளியே சொன்னதும்

இங்கே நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது. 'நாம் ஒரே குடும்பம்' என்ற சொல்லால் சபைகளில் நன்மை மட்டும் நடப்பதில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று வாயை அடைக்கவும் அதே சொல் பயன்படுகிறது. ரோமக் குடும்பத்தில் தகப்பனுக்கு இருந்த அதிகாரம் நாம் எண்ணுவதைவிடப் பெரியது. வளர்ந்த மகன்களும் அடிமைகளும் சட்டப்படி அவன் கைக்குள் இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இந்தச் சபையில் எதை மறைத்தார்கள், யார் சொன்னார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தான். சபையார் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெருமை பேசிக்கொண்டு வேறு இருந்தார்கள். பவுல் இதில் எந்தச் சலுகையும் காட்டவில்லை. எல்லோரும் கூடி, வெளிப்படையாக, அவனை விலக்க வேண்டும் என்றார்.

ஆறாம் அதிகாரத்தில் சகோதரன் சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுப்பதைக் கண்டிக்கிறார். குற்றங்களைச் சபைக்குள் அமுக்கிவிட இந்த அதிகாரத்தைப் பிற்காலத்தில் பலர் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். அது பெரிய அநியாயம். அங்கே பேசப்படுவது அன்றாட வாழ்க்கைக்குரிய கொடுக்கல் வாங்கல் வழக்குகள். அங்கேகூட அவர் கேட்பது அநியாயம் செய்தவனைக் காப்பாற்றுவதை அல்ல, நடுநின்று தீர்க்க உங்களில் ஒரு விவேகியும் இல்லையா என்பதையே. ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ இழைக்கப்பட்ட கொடுமையை 'குடும்ப விஷயம்' என்று மூடுவதற்கு அந்த அதிகாரத்தில் ஓர் எழுத்துகூட இடம் தரவில்லை.

சண்டைகளைப் பற்றிப் பவுலுக்குச் சொன்னது யார்? குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார். பவுல் இதை மறைக்கவில்லை. கடிதத்தின் தொடக்கத்திலேயே, சபை முழுவதும் கேட்கும்படி, அவர்கள் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது என்று பெயர் சொல்கிறார். சொன்னவர்களைக் காட்டிக்கொடுத்ததாக இதை எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கோள் சொன்னார்கள் என்று யாரும் முணுமுணுக்க முடியாதபடி அவர்கள் பக்கம் நின்று பேசுகிறார் பவுல். உள்ளதைச் சொன்னவர்களை ஒரு சபை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தால், அங்கே 'குடும்பம்' என்ற சொல் உண்மையானதா என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தகப்பனின் குறைகள்

பதினாயிரம் உபாத்தியாயர்கள் உங்களுக்கு இருந்தாலும் தகப்பன்மார் பலர் இல்லை என்று பவுல் எழுதினார். நான் பிரம்போடு வரவேண்டுமா, அன்போடு வரவேண்டுமா என்றும் கேட்டார். கடல் கடந்து இருக்கும் தகப்பனின் கடிதம் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தத் தகப்பனுக்கும் குறைகள் இருந்தன. ஆவணங்கள் அதையும் மறைக்கவில்லை.

வருகிறேன் என்று சொன்ன பயணத் திட்டத்தை மாற்றினார். பேச்சில் உறுதியில்லாதவர் என்று கொரிந்துவில் பேசினார்கள். இடையில் ஒருமுறை நேரில் போனார். அது துக்கத்தில் முடிந்தது. திரும்பி வந்து, மிகுந்த கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பிய பிறகு, எழுதியிருக்க வேண்டாமோ என்று வருந்தினார். உடன் ஊழியரான தீத்து பதில் கொண்டுவரும் வரை அவருக்கு நிம்மதியில்லை. துரோவாவில் ஊழியத்துக்கு வாசல் திறந்திருந்தும் அங்கே இருக்கமுடியாமல் மக்கெதோனியாவுக்குக் கிளம்பிவிட்டார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அதுதான். கோபமாக எழுதியவரே பதில் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்.

எல்லாவற்றையும்விட என்னைத் தொடுவது பண விஷயம். கொரிந்தியர் தர விரும்பிய உதவியைப் பவுல் வாங்க மறுத்தார். கைத்தொழில் செய்து பிழைத்தார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கொரிந்தியருக்கு இது தெரிந்துபோயிற்று. ரோம உலகில் கொடுத்த கையைத் தட்டிவிடுவது நட்பையே தட்டிவிடுவதற்குச் சமம். அவர்கள் கையில் வாங்குகிறார், எங்கள் கையில் மட்டும் வாங்கமாட்டார் என்ற குறை வளர்ந்தது. இரண்டாம் நிருபத்தில் இது வெடிக்கிறது. ஏன் வாங்கவில்லை, உங்களை நேசிக்காததாலா, தேவன் அறிவார் என்று எழுதுகிறார். பெற்றோருக்குப் பிள்ளைகள் சேர்த்துவைப்பதில்லை, பிள்ளைகளுக்குப் பெற்றோரே சேர்த்துவைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். நியாயமான பதில்தான். ஆனால் அது அவர்களை என்றென்றைக்கும் பிள்ளைகளாகவே நிறுத்துகிற பதில். கொடுக்கவிடாமல் இருப்பதும் ஒரு காயம் என்பதைப் பவுல் அப்போது முழுவதும் உணரவில்லை என்பது என் கணிப்பு. சபைகளில் ஓயாமல் உழைத்துவிட்டு யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாத நல்ல மனிதர்கள் மீது ஏன் சிலருக்குக் கசப்பு இருக்கிறது என்பதை இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

அதே காலத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்க அவர் கொரிந்தியரை ஏவினார். அவர்கள் ஓராண்டுக்கு முன்பே ஆர்வத்தோடு தொடங்கி, பாதியில் விட்டிருந்தார்கள். பவுலோ அவர்களைப் பற்றி மக்கெதோனியரிடம் பெருமையாகப் பேசி வைத்திருந்தார். உங்களைப் புகழ்ந்தது வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதும்போது, பக்கத்து வீட்டில் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு வந்த பெற்றோரின் தவிப்பு அந்த வரிகளில் இருக்கிறது.

விலக்கப்பட்டவர் திரும்பினார்

இரண்டாம் நிருபம் ஒரு மனிதரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசுகிறது. சபையின் பெரும்பான்மையோர் அவரைத் தண்டித்திருந்தார்கள். தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்தவர்தான் இவர் என்பது பழைய மரபு. நேரில் போனபோது பவுலை அவமதித்தவர் என்று பிற்கால அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். யாராக இருந்தாலும், அந்தத் தண்டனை போதும் என்கிறார் பவுல். இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மிகுந்த துக்கத்தில் அவர் அமிழ்ந்துபோவார் என்கிறார்.

மூடி மறைக்கும் வீடும் உண்டு, ஒருமுறை தவறியவனை வாசலிலேயே நிறுத்திவைக்கும் வீடும் உண்டு. முதல் நிருபத்தில் முதலாவது தவறைக் கண்டித்தவர், இரண்டாம் நிருபத்தில் இரண்டாவது தவறு நேராமல் தடுக்கிறார். இடையில் கடந்தது ஏறக்குறைய ஓராண்டு. தீர்ப்புக்கும் திரும்ப அழைப்பதற்கும் நடுவில் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், யார் அவரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. அவரை நினைத்து அந்த வீட்டில் யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலை பவுல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதன்பின் பவுல் மூன்று மாதம் கிரேக்க நாட்டில் தங்கினார். ரோமருக்கு எழுதிய நிருபம் அப்போது உருவானது. அதன் இறுதியில் 'என்னையும் சபையனைத்தையும் உபசரிக்கிற காயு' என்று வருகிறது. பிரம்போடு வரவா என்று கேட்டவர் காயுவின் வீட்டில் விருந்தாளியாக இருக்கிறார். கடிதத்தைத் தெர்தியு எழுதுகிறார். பக்கத்தில் குவர்த்து நிற்கிறார்.

நாற்பது ஆண்டும் அதற்குப் பிறகும்

சண்டை ஓய்ந்துவிடவில்லை. ஏறக்குறைய கி.பி. 96-இல் ரோம சபையிலிருந்து கொரிந்துவுக்கு நீண்ட கடிதம் ஒன்று போனது. ரோமின் கிளமெந்து எழுதியதாக மரபு சொல்கிறது. குற்றம் சொல்ல முடியாத மூப்பர்களைச் சிலர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது அதில் வரும் புகார். பவுல் எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அப்போதும் நீங்கள் கட்சி பிரிந்துதானே இருந்தீர்கள் என்று அது கேட்கிறது. பேரப்பிள்ளைகள் தலைமுறையிலும் அதே குணம்.

எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல முடிந்தது என்றால், அந்தக் கடிதம் கொரிந்துவில் பத்திரமாக இருந்திருக்கிறது என்று பொருள். தங்கள் குடியையும் பேராசையையும் ஒழுக்கக்கேட்டையும் ஊரறியச் சொல்லும் ஓலையை அவர்கள் கிழித்துப்போடவில்லை. பிரதி எடுக்கவும் கொடுத்தார்கள். கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்துப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் இரண்டு நிருபங்களும் இன்றும் இருக்கின்றன.

கி.பி. 170-ஐ ஒட்டி கொரிந்து சபையின் பேராயராக இருந்த தியோனிசியு ரோம சபைக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு தம் நூலில் காத்துவைத்திருக்கிறார். ஆண்டவருடைய நாளை இன்று அனுசரித்தோம், நீங்கள் அனுப்பிய கடிதத்தை வாசித்தோம் என்கிறார் அவர். முன்பு கிளமெந்து வழியாக எங்களுக்கு வந்ததை எப்படி வாசித்துவருகிறோமோ, அப்படியே இதையும் எங்கள் அறிவுரைக்காக எப்போதும் வாசிப்போம் என்று எழுதுகிறார்.